மூன்று நாள் விருந்தும் முப்பது வருட அயலும்



பாடசாலை விடுமுறை வந்தால் எங்காவது கூட்டிப் போகும்படி பிள்ளைகள் கேட்பார்கள். நுவரெலியா, கண்டி, காலி என்று பெயர்கள் வரும். இம்முறை புத்தளத்தையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அங்கே குளிரும் இல்லை, நீர்வீழ்ச்சியும் இல்லை. வெயிலும் உப்புக் காற்றும் தெருவில் திரியும் கழுதைகளும்தான். ஆனாலும், ஒரு மனிதன் மற்ற மனிதனை எப்படி நடத்த வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்க இதைப் போல் ஓர் ஊர் இந்நாட்டில் கிடைப்பது அரிது.

அரபுக் கல்லூரியில் என்னிடம் ஓதும் மாணவர்கள் சிலர் அப்பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய வீடுகளுக்குப் பலமுறை போய்வந்ததில் கண்டதையும் கேட்டதையும்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

போகும் வழியில்

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். சிலாபம் வரை தென்னந்தோப்புகள் கூடவே வரும். முந்தலைத் தாண்டியதும் பச்சை மெலிந்து மண் வெளுக்கத் தொடங்கும். பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால் நுரைச்சோலை, கற்பிட்டிப் பாதை. நேரே போனால் புத்தளம் நகரம்.

இந்தக் கரையோரத்தில் உடப்பில் திரௌபதை அம்மன் கோயில் இருக்கிறது. தலவிலயில் புனித அன்னம்மாள் தேவாலயம் இருக்கிறது. நகரத்தில் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. சிங்களமும் தமிழும் ஒரே கடையில் ஒரே மூச்சில் பேசப்படும். பிள்ளைகள் யன்னலால் பார்க்கட்டும். நம் நாடு இப்படித்தான் அமைந்திருக்கிறது என்பதை நாம் சொல்லிக் கொடுப்பதைவிட அவர்கள் கண்ணால் காண்பது மேல்.

ஊரின் பெயரைப் பற்றி ஊரார் சொல்வது: அளம் என்றால் உப்பு விளையும் இடம், புது அளம்தான் புத்தளமாயிற்று. உப்பளங்களை இன்றும் பார்க்கலாம். களப்பு நீரைப் பாத்திக்குப் பாய்ச்சி, ஒரு பாத்தியிலிருந்து மற்றொரு பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் வற்ற விடுவார்கள். கடைசிப் பாத்தியில் உப்புப் படியும். இடையில் ஒரு பெருமழை பெய்தால் போதும், அத்தனை நாள் உழைப்பும் கரைந்துவிடும். நாம் கறிச்சட்டியில் போடும் ஒரு சிட்டிகை உப்புக்குப் பின்னால், வெயிலில் வெடித்த பாதங்களோடு நிற்கும் ஒரு மனிதர் இருக்கிறார். அவரைப் பிள்ளைகளுக்குக் காட்டி, ஸலாமோ வணக்கமோ ஆயுபோவனோ சொல்ல வையுங்கள்.

மூன்று நாள் விருந்து

இந்தக் கரைக்கு வந்த பழைய விருந்தாளி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மொரோக்கோவின் தன்ஜா நகரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, மாலைத்தீவிலிருந்து புறப்பட்டு 1344இல் இங்கே வந்து சேர்ந்தார். அவர் 'பத்தாலா' என்று எழுதிய துறைமுகம் புத்தளம்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. கரை நெடுகக் கறுவா மரத்துண்டுகள் குவிந்து கிடந்ததைக் கண்டதாக அவர் எழுதியிருக்கிறார்.

அப்போது அங்கே இருந்த அரசர் ஆரியச் சக்கரவர்த்தி. அவர் முஸ்லிம் அல்லர். அவரைப் பற்றிக் கப்பல்காரர்கள் சொல்லி வைத்திருந்தவையும் நல்லவையல்ல. கரையேறவே அவர்கள் அஞ்சினார்கள். ஆனால் நடந்தது வேறு. அரசர் இப்னு பதூதாவை மூன்று நாள் தம்மோடு வைத்து, நாளுக்கு நாள் கூடுதலாகக் கண்ணியப்படுத்தினார். முத்துக்களைக் கொடுத்தார். வேறு என்ன வேண்டுமோ வெட்கப்படாமல் கேளுங்கள் என்றார். விருந்தாளி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பாவாத மலைக்குப் போக வழி வேண்டும். அரசர் பல்லக்குக் கொடுத்தார். வழி தெரிந்த யோகிகளையும் பிராமணர்களையும் தம்முடைய ஆட்களையும் சாமான் சுமப்போரையும் கூட அனுப்பினார்.

போகும் வழியிலும் இலங்கை மக்கள் முஸ்லிம் ஏழைத் துறவிகளைத் தங்கள் வீடுகளில் தங்கவைத்து, உணவு கொடுத்து, மனைவி மக்களுக்கு நடுவில் சந்தேகமின்றி இருக்க விட்டதை அவர் வியந்து எழுதினார். கிட்டத்தட்ட 700 வருடங்களுக்கு முன் நம் தீவுக்குக் கிடைத்த நற்சான்று இது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒருவரைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்டதை வைத்தே அவரைத் தீர்மானித்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். இப்னு பதூதா வெறுங்கையோடு வந்தவரல்லர். மஃபர் நாட்டுச் சுல்தானின் உறவினர் என்ற பெயரோடு வந்தவர். அந்தஸ்தோடு வருபவரை மூன்று நாள் கண்ணியப்படுத்துவது அவ்வளவு கடினமா? அந்தஸ்து, பணம், கடிதம், மாற்றுடுப்பு எதுவுமில்லாமல், எப்போது திரும்பிப் போவோம் என்றும் தெரியாமல் வருகின்றவரை என்ன செய்வது? அந்தக் கேள்வியும் இதே கரைக்கு வந்தது.

1990 ஒக்டோபர்

1990 ஒக்டோபர் மாதத்தில், வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். பெண்பிள்ளைகளின் காதில் கிடந்த தோடும் கழற்றி வாங்கப்பட்டது. மன்னார்த் தீவில் இருந்தவர்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். மற்றவர்கள் வவுனியாவரை நடந்தும் பின் லொறிகளிலும் வந்தார்கள். பெருந்தொகையானோர் வந்து தங்கியது புத்தளம் மாவட்டத்தில்தான்.

இதைச் சொல்லும்போது நீதியோடு சொல்ல வேண்டும். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் செய்ததை ஒரு சமூகத்தின் தலையில் முழுதாகச் சுமத்துவது அநியாயம். மன்னாரில் கத்தோலிக்க குருமாரும் தமிழ்ப் பொதுமக்களும் இதைத் தடுக்கப் பேசிப் பார்த்தார்கள். அழுதுகொண்டே வழியனுப்பிய அயலவர்களை இன்றும் பெயர் சொல்லி நினைவுகூரும் உம்மாமார் பலரை நான் கண்டிருக்கிறேன். ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்பது அல்-குர்ஆனின் கட்டளையல்லவா?

அடுப்படியில் நடந்தது

புத்தளம் அன்று செல்வந்த ஊரல்ல. உப்பளக் கூலி, மீன்பிடி, தென்னந்தோட்டம், சிறு வியாபாரம், இவைதான் பெரும்பாலானோரின் ஜீவனம். அந்த ஊர்தான் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வீட்டு வளவுகளையும் திறந்துவிட்டது.

அந்நாட்களைப் பற்றி ஒரு மூத்தம்மாவிடம் கேட்டேன். தில்லையடிப் பக்கம் வீடு. வயது எண்பதைத் தாண்டியவர்.

"பெரிய சட்டி எங்கட வீட்டில இருக்கல்ல, மௌலவி. பக்கத்து வீட்டில வாங்கினோம். அரிசி இன்னொரு வீடு, பருப்பு இன்னொரு வீடு. ஆக்கிக் கொண்டு போய்க் குடுத்தோம்" என்றார்.

"உங்கள் வீட்டிலும் யாரும் தங்கினார்களா?"

"ரெண்டு குடும்பம். பதினொரு பேர். எங்கட பிள்ளைகள் ஆறு பேர். ஒரு கிணறு, ஒரு கக்கூஸ்."

"கஷ்டமாக இருக்கவில்லையா?"

"கஷ்டம்தான். இல்லையெண்டு சொன்னாப் பொய். ஆனா ஒண்டு செஞ்சேன். அடுப்படியில அந்தப் பொம்புளைக்கும் ஒரு அடுப்பு வெச்சுக் குடுத்தேன். நாமளே ஆக்கிப் போட்டா அவ எப்பவும் கைநீட்டிக்கிட்டு நிக்கணும். அவட பிள்ளைகளுக்கு அவ கையால ஆக்கிப் போடட்டும்."

சகோதரிகளே, கிதாபுகளில் இக்ராம் என்று படித்துக் கொடுக்கிறோம். அந்த மூத்தம்மா அதை மூன்று கல்லால் விளங்கப்படுத்திவிட்டார். கொடுப்பது உதவி. கொடுக்கும்போது வாங்குபவரின் முகம் தாழாமல் பார்த்துக்கொள்வது கண்ணியம். இரண்டும் சேர்ந்தால்தான் தருமம் முழுமையாகும். சொல்லிக் காட்டியும் மனதை நோகடித்தும் தருமங்களைப் பாழாக்க வேண்டாம் என்று அல்லாஹ் ஏன் எச்சரிக்கிறான் என்பது இங்கேதான் விளங்குகிறது.

மாதங்கள் வருடங்களான போது

விருந்தாளிக்குரிய உரிமை மூன்று நாள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அதற்கு மேல் கொடுப்பது தருமம். இங்கே மூன்று நாள் மூன்று மாதமாயிற்று. பிறகு முப்பது வருடத்தையும் தாண்டிவிட்டது. இனி அவர்கள் விருந்தாளிகளல்லர், அயலவர்கள். அயலவருக்கோ உரிமைக்கு முடிவுநாள் கிடையாது.

கிடுகுக் கொட்டில்கள் கல்வீடுகளாகின. அதோடு நெருக்கடியும் வந்தது. இதையும் மறைக்காமல் பேச வேண்டும். கிணற்று நீர் உவர்ந்தது. பாடசாலை வகுப்புகளிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் இடம் போதவில்லை. காணி விலை ஏறியது. கூலிக்கு ஆள் பெருகியதால் கூலி இறங்கியது. மாவட்ட அடிப்படையில் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும் நம் நாட்டில், தங்கள் பிள்ளைகளின் வாய்ப்பும் பங்கிடப்படுகிறதே என்று ஊர்ப் பெற்றோர் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையைக் கெட்ட எண்ணம் என்று தள்ளிவிட முடியாது. வாய்விட்டுப் பேசியிருந்தால் தீரக்கூடியவை பலவும், மனதுக்குள் வைத்துப் புழுங்கியதால் கசப்பாகின.

அந்தக் கசப்பு ஒரு சொல்லில் வந்து தங்கியது. 'அகதி' என்ற சொல்தான் அது. முதலில் அது ஒரு நிலையைக் குறித்தது. பிறகு மனிதரின் பெயராயிற்று. அகதிப் பிள்ளை, அகதிக் கடை, அகதிச் சம்பந்தம். மகளுக்கு வந்த கலியாணப் பேச்சு இந்தச் சொல்லால் நின்றுபோன ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "என்ட மகள் பிறந்தது புத்தளம் ஆஸ்பத்திரியில. படிச்சது இங்க. அவ எந்த ஊர் அகதி, மௌலவி?"

பட்டப்பெயர் சொல்லி அழைப்பதைத் தடுக்கும் இறைவசனம் ஸூரத்துல் ஹுஜ்ராத்தில் இருக்கிறது. நாம் அதை ஓதுகிறோம். நம் வீட்டு முற்றத்தில் பெண்கள் கூடிப் பேசும்போது அந்தச் சொல் வாயில் வந்தால், அந்த வசனமும் நினைவில் வரவேண்டாமா?

நேர்மையைப் பற்றியும் ஒரு சம்பவம் கேட்டேன். கற்பிட்டிக் குடாநாட்டின் மணலில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளையும். இடம்பெயர்ந்து வந்த பெண்கள் பலர் அந்தத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போனார்கள். ஒரு வீட்டில் கூலியை எண்ணிக் கொடுப்பவர் தோட்டக்காரரின் மனைவி. "இவர்களுக்கு அரசாங்க நிவாரணம் கிடைக்கிறதே, கூலியில் கொஞ்சம் குறைத்தால் என்ன?" என்று கணவர் ஒருநாள் கேட்டிருக்கிறார். மனைவி சொன்ன பதில்: "நிவாரணம் அரசாங்கம் கொடுக்கிறது. கூலி நாம் கொடுக்க வேண்டிய கடன். அரசாங்கத்து அரிசியைக் காட்டி நம்முடைய கடனைக் கழிக்கலாமா?"

அந்தத் தோட்டத்தில் கூலி குறையவில்லை. மஃரிபுக்கு முன் ஒவ்வொருவர் கையிலும் போய்ச் சேர்ந்தது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்ற நபிமொழியை அந்தப் பெண் எங்கே படித்தாரோ தெரியாது, படித்ததை விளங்கியிருந்தார். பலர் தேவையில் இருப்பவரிடம் குறைத்துக் கொடுத்துவிட்டு, நோன்பு மாதத்தில் அவருக்கே ஸகாத் கொடுத்துத் திருப்தி கொள்கிறோம். அவருடைய உரிமையை எடுத்து அவருக்கே தருமமாகக் கொடுப்பதில் என்ன நன்மை இருக்க முடியும்?

மதீனாவின் இரு பக்கம்

புத்தளத்தைப் பேசும்போது எல்லோரும் அன்ஸார்களை நினைவூட்டுவார்கள். சரிதான். தமக்கே தேவையிருந்தும் வந்தவர்களை முற்படுத்தியதாக அல்லாஹ் புகழ்ந்த கூட்டம் அது. ஆனால் அந்த வரலாற்றில் வந்தவர்களின் பக்கமும் இருக்கிறது. அதை நாம் குறைவாகவே சொல்கிறோம்.

ஸஃது இப்னு ரபீஉ (ரழி) தம் செல்வத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும்படி சொன்னார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவருக்குப் பறக்கத்துக்காகத் துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி காட்டும்படி மட்டும் கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள். கொடுக்க முன்வந்ததும் அழகு. அளவோடு ஏற்றுக்கொண்டதும் அழகு.

மதீனாவாசிகள் தங்கள் ஈச்சமரங்களின் பலனை முஹாஜிர்களுக்கு விட்டுக் கொடுத்திருந்தார்கள். ஹிஜ்ரி 7இல் கைபர் வெற்றியால் முஹாஜிர்களுக்கு வசதி வந்தது. உடனே அவர்கள் அந்த மரங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். இனி எனக்குப் போதும், இது உன்னுடையது என்று சொல்வதற்கும் ஈமான் வேண்டும். உதவிப் பட்டியலில் பெயர் கொடுக்கும்போதும், இரண்டு இடத்தில் பதியலாம் என்று யாரேனும் காதில் சொல்லும்போதும், இந்த ஈச்சமரங்களை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நெருக்கமான ஒன்றைப் புத்தளத்திலும் கண்டேன். ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தின் பின்வளவில் பதினான்கு வருடம் குடியிருந்தது. வாடகை வாங்கவில்லை. பிறகு அவர்கள் சிறு துண்டுக் காணி வாங்கித் தனியே போனார்கள். போகும்போது கொட்டிலைப் பிரித்து, நிலத்தைக் கூட்டிச் சமப்படுத்தி, வாப்பா போய் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து, தந்த இடத்தைத் திருப்பித் தருகிறேன், குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். நட்ட முருங்கையையும் தேசி மரத்தையும் அப்படியே விட்டுப் போனார்கள். "அந்த முருங்கைக் கீரை இண்டைக்கும் எங்கட சட்டியிலதான்" என்று வீட்டுக்காரத் தாய் சிரித்தார். பெருநாளுக்கு இரு வீட்டுத் தட்டுகளும் இன்றும் போய் வருகின்றன. அந்தத் தட்டுகளைப் பார்த்தால் எது கொடுத்த வீடு, எது வாங்கிய வீடு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

உங்கள் ஒழுங்கையில்

2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் பலர் தங்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பினார்கள். அங்கே காடு மூடிய காணியும் கூரையில்லாத சுவரும் காத்திருந்தன. பலர் புத்தளத்திலேயே வாழ்கிறார்கள். சில குடும்பங்களில் மூத்தம்மா மன்னாரிலும் பேத்தி புத்தளத்திலும் இருக்கிறார்கள். எது சொந்த ஊர் என்று அவர்களைக் கேட்காதீர்கள். இரண்டும் அவர்களுடைய ஊர்தான்.

நீங்கள் மாத்தறையிலோ மாவனல்லையிலோ சம்மாந்துறையிலோ இருக்கலாம். உங்கள் ஒழுங்கையிலும் புதிதாக வந்த ஒருவர் இருப்பார். வாடகை அறைக்கு வந்த குடும்பம், வீட்டு வேலைக்கு வந்த மலையகப் பெண், தாய்வீட்டுக்குத் திரும்பி வந்த விதவை, ஏன், சென்ற மாதம் வந்த மருமகளும்தான். அவர்களுக்காக நீங்கள் செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல.

முதலாவது, அவர்களைப் பெயர் சொல்லி அழையுங்கள். 'அந்த வாடகை வீட்டுப் பொம்புளை' என்று பிள்ளைகளின் காதில் விழும்படி சொல்லாதீர்கள். நாளை பாடசாலையில் அதே சொல்லை அவர்கள் சொல்வார்கள்.

இரண்டாவது, கொடுக்க வேண்டியதை நாளில் கொடுங்கள், குறைக்காமல் கொடுங்கள். தருமம் பிறகு.

மூன்றாவது, கறியில் நீரைக் கூட்டி அயலாருக்கும் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். கொடுத்த கோப்பை திரும்பி வரும்போது அதில் ஒரு பிடி கீரையே வந்தாலும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய கீரையை மறுப்பது அவருடைய கண்ணியத்தை மறுப்பதாகும்.

நான்காவது, மனத்தாங்கல் இருந்தால் அவரிடமே மென்மையாகச் சொல்லுங்கள். கிணற்றடி நேரமோ வேலிக் கதியாலோ, எதுவானாலும் முகத்துக்கு முன் பேசினால் அரை மணித்தியாலத்தில் முடியும். முதுகுக்குப் பின் பேசினால் இரண்டு தலைமுறை செல்லும்.

புத்தளத்துக்குப் போனால் பெரிய பள்ளிவாசலைப் பாருங்கள். உப்பளத்தைப் பாருங்கள். கற்பிட்டியில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையையும் வெளியில் நின்று பாருங்கள். ஆனால் ஒரு பின்னேரமாவது, 1990இல் வந்த ஒரு குடும்பத்தோடும் அவர்களை ஏற்ற ஒரு குடும்பத்தோடும் உட்கார்ந்து தேநீர் குடியுங்கள். பிள்ளைகள் கேட்கட்டும், அந்த மூத்தம்மாமார் உயிரோடு இருக்கும்போதே கேட்கட்டும்.

வீடிழந்து வந்தவர்களுக்கு வீடாகவும், வீடு தந்தவர்களுக்கு நன்றியுள்ள அயலாகவும் வாழும் பாக்கியத்தை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.